யவனரும் ஓரையும்

யவனர் எனத் தமிழ்நூல்கள் கூறும் கிரேக்க உரோம நாட்டார் பொன்னும் மதுவும் பாவை விளக்கும் கொணர்ந்தமை சங்கச் செய்யுட்களால் அறியப்படும். யவனத் தச்சரை மணிமேகலை கூறும். 1945-ஆம் ஆண்டில் அரிக்கமேட்டில் வீலர் துரை நிகழ்த்திய அகழாய்வு, மத்தியதரைக் கடற்புறத்து மட்கலங்களை வெளிப்படுத்திற்று. இவை கண்ணாற் காணப்படுவன. நாடோறும் நாவில் வழங்கியும் யவனருடையதென்று உணரப்படாத கொடையும் ஒன்றுண்டு. அஃது ஓரை என்னும் சொல்லாம்.

மங்கல வினைக்குப் பஞ்சாங்கம் நோக்குவார் குரு ஓரை, சுக்கிர ஓரை என்ப. நம் முன்னோர் ஒருநாளை 60 நாழிகையாகப் பகுத்தனர். ஓரையோ இரண்டரை நாழிகை. அஃதாவது நாளின் 24 கூற்றுள் ஒன்று. இப்பகுப்பு எகிப்தில் தோன்றிக் கிரேக்கரால் ஆளப்பட்டது. சனி, குரு, செவ்வாய், ஞாயிறு, சுக்கிரன், புதன், திங்கள் என நடை மெலிந்த கோள் முதலாக விரைந்த கோள் ஈறாக அவர் வைத்த முறையே ஓரைகளின் முறை. சனிக்கிழமையின் முதல் ஓரை சனிக்குரியது. 8, 15, 22-ஆம் ஓரைகளும் அதற்கே உரியன. 23 குருவுக்கும் 24 செவ்வாய்க்கும் ஆக, மறுநாள் முதல் ஓரை ஞாயிற்றுக்காகும். அதனால் அந்நாள் ஞாயிற்றுக்கிழமை. இவ்வாறே எண்ணிச் செல்லின் ஏழு கிழமையும் முறைபிறழாது வரும். கிழமை வரிசைக்குக் காரணம் ஓரைக் கணக்கே என்பது இதனாற் பெறப்படும்.

இனி, இச்சொல் தொல்காப்பியக் களவியலிலும் வருதலின் வழக்கு எழுந்தது. கிரேக்க 'ஹோரா' வடமொழி வாயிலாக வந்ததே இஃதென்றும், ஆகவே அந்நூல் பிற்பட்டதென்றும் ச. வையாபுரிப்பிள்ளை கருதினார். மறுப்போர், 'ஓர்' என்னும் பகுதியினின்று தோன்றிய தனித்தமிழே என்பர். மகளிர் விளையாட்டாகிய ஓரை தமிழே, அதில் ஐயமில்லை. ஆயினும் ஒலியொப்புமை பற்றிக் காலப்பெயரையும் அதனொடு சேர்த்தல் பொருந்தாது. வடநூலாரும் இவ்வாறே செய்தனர். 'அகோராத்திரம்' என்பதன் முதலும் ஈறும் கெட 'ஹோரா' நின்றது என்பார் கூற்றை வராகமிகிரர் எடுத்துக் கூறுகின்றார். அவரே, சோதிட நூல் யவனரிடத்து நன்கு நிலைபெற்றமையின் அவர் மிலேச்சராயினும் முனிவர்போலப் போற்றப்படுவர் என்றும் பிருகத் சங்கிதையில் உரைத்தார்.

ஒரு சொல்லைக்கொண்டு ஒரு பெருநூலின் காலத்தை அறுதியிடல் மிகையாம். அச்சூத்திரம் ஒன்றே ஆராயற்பாலது. ஆயினும் நூலின் தொன்மைக்கு அஞ்சிச் சொல்லின் வரலாற்றை மறைத்தலும் ஆராய்ச்சியன்று. ஓரையைத் தமிழென நிறுவ முயல்வார், அதே சாதகவோலையிற் காணும் 'கேந்திரம்' என்பதற்கும் விடை கூறல்வேண்டும். அது 'கென்ட்ரோன்' என்னும் கிரேக்கச் சொல்லின் திரிபு.