மூடிய கதவும் நான்கு கார்களும்

ஒரு சிரிப்புப் படத்தின் நான்காம் பாகம் சரியில்லை என்பதற்கெல்லாம் ஒரு கட்டுரையா என்று நண்பர்கள் கேட்கலாம். கேட்கட்டும். 'வேகஸ் வெக்கேஷன்' (1997) ஏன் சப்பென்று போனது என்பது வெறும் ரசனைப் பிரச்சினை அல்ல. அமெரிக்க மத்தியதர வர்க்கம் தன் உழைப்பையும் ஓய்வையும் பற்றித் தனக்கே சொல்லிக்கொண்ட கதை எங்கே முறிந்தது என்ற வரலாற்றுக் கேள்வியும் அதில் இருக்கிறது.

இந்தத் தொடரின் மூலம் ஒரு பத்திரிகைக் கதை. 1979 செப்டம்பரில் 'நேஷனல் லாம்பூன்' என்ற நையாண்டி இதழில் ஜான் ஹியூஸ் எழுதிய 'வெக்கேஷன் '58'. ஒரு குடும்பம் காரில் நாட்டைக் குறுக்கே கடந்து டிஸ்னிலாந்து போய்ச் சேர்கிறது. பூங்கா மூடிக் கிடக்கிறது. அப்பா நேரே வால்ட் டிஸ்னியைத் தேடிப்போய்க் காலில் சுட்டுவிடுகிறார்.

கதை நடக்கும் காலம் முக்கியம். டிஸ்னிலாந்து திறந்தது 1955இல். நாடு முழுக்க நெடுஞ்சாலை போடும் சட்டம் வந்தது 1956இல். வருஷம் பூரா உழை, இரண்டு வாரம் உன்னுடையது என்பது போருக்குப் பிந்தைய அமெரிக்காவின் வாக்குறுதி. ஆனால் அந்த இரண்டு வாரம் உரிமை அல்ல. பிரான்சில் 1936இல் பெரும் வேலைநிறுத்தங்களின் வேகத்தில் மக்கள் முன்னணி அரசு இரண்டு வாரச் சம்பள விடுப்பைச் சட்டமாக்கியது. அமெரிக்காவின் 1938ஆம் வருஷத்துச் சட்டமோ குறைந்தபட்சக் கூலி பற்றியும் வேலை நேரம் பற்றியும் பேசியதே ஒழிய, விடுப்பு பற்றி வாயே திறக்கவில்லை. சம்பள விடுப்பைக் கட்டாயமாக்கும் தேசியச் சட்டம் அங்கே இன்றும் கிடையாது. முதலாளி மனசு வைத்தால் உண்டு. தொழிற்சங்கம் அடித்துப் பேசினால் உண்டு.

1983இல் ஹெரால்ட் ரேமிஸ் இயக்கிய முதல் படம் இந்த இடைவெளியில்தான் சிரிப்பைக் கண்டுபிடித்தது. டிஸ்னிலாந்து 'வாலி வேர்ல்ட்' என்ற கற்பனைப் பூங்கா ஆயிற்று. சிகாகோவிலிருந்து கிளம்பிய கிளார்க் கிரிஸ்வால்ட், வழியில் செத்துப்போன அத்தையைக் கார்க் கூரையில் கட்டிக்கொண்டு, கடன்பட்டு, அவமானப்பட்டு வந்து சேர்ந்தால் பூங்கா இரண்டு வாரத்துக்கு மூடல். முன்னோட்டம் பார்த்த ஜனங்கள் முதலில் எடுத்த முடிவை ஏற்கவில்லை. காவலாளியைத் துப்பாக்கி காட்டி மிரட்டிப் பூங்காவுக்குள் புகுந்து ராட்டினம் ஏறுகிற முடிவைப் படக்குழு பிறகு எடுத்துச் சேர்த்தது. அந்தக் கதவு திறந்தே ஆகவேண்டும் என்று பார்வையாளர்களுக்கும் இருந்தது.

இதை ஏதோ கலகப் பிரதி என்று தூக்கிப் பிடிக்கத் தேவையில்லை. செயின்ட் லூயிஸில் கறுப்பின மக்கள் வாழும் பகுதியைக் கார்ச் சக்கர மூடி திருடுகிற இடமாகக் காட்டிச் சிரித்த படம் இது. வெள்ளைப் புறநகரின் பயம் அதில் அப்படியே இருக்கிறது. ஆனால் ஏமாற்றியவன் யார் என்பதில் மட்டும் அதற்குக் குழப்பமில்லை. 1989இல் வந்த கிறிஸ்துமஸ் படத்திலும் அப்படித்தான். போனஸுக்குப் பதிலாக மாதாமாதம் ஜாம் பாட்டில் அனுப்பும் சந்தா தந்த முதலாளியை உறவுக்காரன் எட்டி தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறான். போனஸ் திரும்பி வருகிறது.

நான்காம் படத்தில் ஹியூஸும் இல்லை, தலைப்பில் பத்திரிகையின் பெயரும் இல்லை. தொடக்கத்திலேயே கிளார்க்குக்குப் போனஸ் தாராளமாய்க் கிடைத்துவிடுகிறது. சண்டைக்கு முகாந்திரமே போயிற்று. போகிற இடமும் கற்பனை அல்ல. 1989இல் லாஸ் வேகஸில் திறந்த 'மிராஜ்' என்ற நிஜமான சூதாட்ட விடுதி. அந்நகரம் தன்னைக் குடும்பத்தோடு வரத்தக்க இடமாக விற்றுக்கொண்டிருந்த காலம் அது. கற்பனைப் பூங்காவை நையாண்டி செய்யலாம். படப்பிடிப்புக்கு இடம் தந்த விடுதியை எவ்வளவு தூரம் செய்ய முடியும்? கிளார்க் சேமிப்பையெல்லாம் தோற்கிறான். ஆனால் பிடித்து உலுக்க ஒரு முதலாளி எதிரே இல்லை. ஒரு முதியவரின் பரிசுச் சீட்டு அவன் கைக்கு வந்து எல்லாம் சரியாகிறது. எட்டி இப்போது குடியிருப்பது முன்பு ஹைட்ரஜன் குண்டு சோதித்த நிலத்தில். நெவாடா பாலைவனத்தில் 1951 முதல் 1992 வரை அணுகுண்டுகள் வெடித்த வரலாறு ஒரு வேடிக்கை வசனமாய் வந்து போகிறது.

1983இல் அமெரிக்கச் சம்பளக்காரர்களில் 100க்கு 20 பேர் தொழிற்சங்கத்தில் இருந்தார்கள். 1997இல் 14 பேர். இந்தக் கணக்குதான் படத்தைக் கெடுத்தது என்று சொன்னால் அது அசட்டுத்தனம். ஆனால் கூலியும் ஓய்வும் கேட்டு வாங்கவேண்டியவை என்ற நினைப்பு மங்கிய இடத்தில், அதிர்ஷ்டம்தான் கதையை முடித்து வைக்க முடியும். அதிர்ஷ்டம் முடித்து வைக்கிற கதையில் சிரிக்க என்ன இருக்கிறது?

கடைசியில் மகன் ரஸ்டி சூதாட்ட இயந்திரத்தில் ஜெயித்த நான்கு கார்களில் குடும்பம் வீடு திரும்புகிறது. ஒரே காருக்குள் அடித்துக்கொண்டும் பாடிக்கொண்டும் கலிஃபோர்னியா போன அதே நான்கு பேர். இப்போது ஆளுக்கொரு கார்.