கம்ப்யூட்டர் சயின்ஸா, சாஃப்ட்வேர் இன்ஜினியரிங்கா?

தேவதானத்துப் பிள்ளைகள் விண்ணப்பம் போடும்போது இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். ஆனால் பிறந்த கதையே வேறு.

1962-ல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம் கணினி அறிவியலுக்குத் தனித் துறை தொடங்கியது. கணக்கிடுதல் எப்படி நடக்கிறது என்பதே அதன் கேள்வி. 1968-ல் ஜெர்மனியின் கார்மிஷில் நடந்த நேட்டோ மாநாடு வேறொன்றைக் கேட்டது: பெரிய மென்பொருள்கள் ஏன் காலமும் செலவும் மீறுகின்றன? சாஃப்ட்வேர் இன்ஜினியரிங் என்ற பெயர் அங்கிருந்துதான் பரவியது.

நம் பக்கம் 1984-ல் கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் கல்லூரி வந்தது. 2013-ல் ராஜபாளையத்தில் ராம்கோ. 2007-ல் நுழைவுத் தேர்வு போனபின், கவுன்சிலிங்குக்கு பிளஸ் டூ மார்க்கே போதும். அதில் கிடைக்கும் பி.இ. நான்கு வருடம். வேலூர் வி.ஐ.டி.யிலோ சாஃப்ட்வேர் இன்ஜினியரிங் ஐந்து வருட எம்.டெக்.; அதற்குத் தனி விண்ணப்பம். ஒரு வருட ஃபீஸ் கூடும், முதுகலைப் பட்டமும் சேரும். பெயரை விடுங்கள் நண்பர்களே, பாடத்திட்டத்தையும் வருடக் கணக்கையும் பாருங்கள்!