பழவேற்காட்டு ஒல்லாந்தரும் நோயாளரைத் தேற்றும் பணியும்

பழவேற்காட்டு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே கிடக்கும் மணற்பரப்பில் அமைந்த மீனவர் ஊர்களுள் ஒன்று லைட்ஹவுஸ் குப்பம். கலங்கரை விளக்கத்தால் பெயர் பெற்ற இவ்வூருக்கு அணித்தே, ஒல்லாந்தரின் சோழமண்டலத் தலைமையிடமாய் ஒரு காலத்தில் விளங்கிய பழவேற்காடு உள்ளது. கி. பி. 1613இல் அவர்கள் அங்குக் கட்டி முடித்த கெல்திரியாக் கோட்டையின் வாணிகச் சிறப்பும் போர் நிகழ்ச்சிகளும் வரலாற்று நூல்களிற் பேசப்படுகின்றன. நாம் ஈண்டு ஆராயப் புகுவது வேறொன்று. அக்கடற்கரைக்கு வந்து நோயுற்றுக் கிடந்தோர்க்கு ஆறுதல் கூறும் பொறுப்பு யாரிடம் இருந்தது? இந்நாளில் மருத்துவமனைச் சாப்ளின் எனப்படுவோர் ஆற்றும் பணிக்கும் அதற்கும் உள்ள தொடர்பு யாது? இவ்விரண்டுமே நம் வினாக்கள்.

ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பினியார் தம் கப்பல்களிலும் கோட்டைகளிலும் ‘சீக்கன்த்ரோஸ்தர்’ என்னும் பணியாளரை அமர்த்தினர். ‘நோயாளரைத் தேற்றுவார்’ என்பது அச்சொல்லின் நேர்பொருள். ‘நோயாளரைச் சென்று காண்பார்’ எனப் பொருள்படும் மற்றொரு பெயரும் இவர்க்கு வழங்கிற்று. இவர் முழுமையான குருப்பட்டம் பெற்றவர் அல்லர். பெரும்பாலும் எளிய கைத்தொழிலாளராய் இருந்து, திருச்சபையாரால் தேர்ந்து விடுக்கப்பட்டவர். காலையும் மாலையும் இறைவேண்டல் நடத்துதல், அச்சிட்ட அறவுரைகளைப் படித்துக் காட்டுதல், திருப்பாடல்களை முன்னின்று பாடுதல், நோயாளரின் படுக்கையருகே அமர்ந்து ஆறுதல் கூறுதல், இறப்போர்க்குத் துணையிருத்தல் ஆகியன இவர் கடமைகள். தாமே அறவுரை இயற்றிப் பேசுதலும், தனி இசைவின்றி ஞானமுழுக்கு அளித்தலும் இவர்க்கு விலக்கப்பட்டிருந்தன.

இப்பதவி ஒல்லாந்தர் சென்ற நாடெங்கும் காணப்படுகின்றது. இன்றைய நியூயார்க்கு நகரம் எழுந்த மன்காட்டன் தீவில், முதற்குரு 1628இல் வருமுன்னரே நோயாளரைத் தேற்றுவார் இருந்தனர். 1652இல் நன்னம்பிக்கை முனையில் குடியேற்றம் தொடங்கியபொழுதும் குருவின் இடத்தை நிரப்பியவர் இத்தகையவர் ஒருவரே. குருமார் செல்லாத இடத்திற்கும் இவர் சென்றார் என்பது இவற்றால் பெறப்படும்.

இத்தகைய தனிப்பதவி தோன்றியது ஏன்? 1602 முதல் 1795 வரை ஏறத்தாழ 10 இலட்சம் மக்கள் கும்பினிக் கப்பல்களில் கீழ்நாடு நோக்கிப் புறப்பட்டனர். திரும்பியவர் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரே. கப்பலிலும் கோட்டையிலும் நோயுற்றவனருகே தாயில்லை; மனைவியில்லை; ஊரார் இல்லை. சொந்த ஊரில் உற்றாரும் ஊர்க்குருவும் இயல்பாகச் செய்த ஒன்றை, ஈண்டுச் சம்பளம் பெறும் ஒருவர் செய்ய வேண்டியதாயிற்று. எனவே, தேற்றும் பணி தனித்தொழிலானமைக்கு உறவினின்று பிரிந்த நிலையே முதற்காரணம் எனக் கொள்ளுதல் பொருந்தும். பழவேற்காட்டில் உள்ள ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் எலும்புக்கூட்டு உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. சாவு அவர்கட்கு எத்துணை அண்மையில் நின்றது என்பதற்கு அவை சான்று.

தமிழகத்தின் பழைய நிலையை இதனோடு ஒப்பிடுதல் பயன்தரும். திருக்குறளின் மருந்து அதிகாரம், மருத்துவத்திற்கு உறுப்பாக நோயாளி, மருத்துவன், மருந்து என்பவற்றோடு ‘உழைச்செல்வான்’ என ஒருவனையும் கூறுகின்றது. உழை என்பது பக்கம். பக்கத்திருந்து மருந்தூட்டிப் பேணுவோனே அவன். வீரராசேந்திர சோழன் காலத்துத் திருமுக்கூடற் கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட வீரசோழன் ஆதுலர் சாலையைக் குறிப்பிடுகின்றது. மருத்துவர், அறுவை செய்வோர், மருந்து கொணர்வோர், பணிப்பெண்டிர் முதலியோர்க்குரிய ஊதியம் அதில் வகுக்கப்பட்டுள்ளது. தேற்றுவார் என ஒருவர் அதிற் கூறப்படவில்லை. இதனால் தமிழர் ஆறுதலை அறியார் என்று முடிவு செய்தல் தவறாகும். அச்சாலை கோயிலைச் சார்ந்தே நின்றது. நோயாளரின் சுற்றமும் தொலைவில் இல்லை. தனியே ஒருவரை அமர்த்த வேண்டிய தேவை அங்கு எழவில்லை என்பதே பொருத்தமான விளக்கம்.

இனி, பழவேற்காட்டில் குருவாய் இருந்த ஆபிரகாம் ரொகேரியுசைக் கருதுவோம். இலெய்டனிற் பயின்ற இவர் 1632 முதல் 1642 வரை இங்குப் பணியாற்றினார். பதுமநாபன் என்னும் அந்தணரோடு போர்த்துகேய மொழியில் உரையாடி, இந்நாட்டார் வழிபாட்டையும் வாழ்க்கை முறையையும் சாவுச் சடங்குகளையும் கேட்டெழுதினார். பர்த்ருஹரியின் அறமொழிகளையும் அவர் வாயிலாகவே பெற்றார். 1649இல் ரொகேரியுசு மறைந்தபின், 1651இல் அந்நூல் இலெய்டனில் வெளிவந்தது. ‘மறைந்துள்ள புறச்சமயத்திற்குத் திறந்த வாயில்’ என்பது அதன் பெயரின் கருத்து. பெயரிலேயே அக்காலச் சமயச் சார்பு தோன்றுகின்றது. எனினும், கற்பிக்க வந்தவர் பத்தாண்டுகள் கேட்போராகவும் இருந்தார் என்பதை மறுத்தற்கில்லை. நோயாளரின் பக்கத்தில் அமர்வோர்க்கும் வேண்டிய முதற்பண்பு இக்கேட்டலே.

ஆயினும், இவ்வரலாற்றின் மறுபக்கத்தை மறைத்தல் ஆய்வு நெறியாகாது. 17ஆம் நூற்றாண்டில் பஞ்சத்தாலும் போராலும் நிலைகுலைந்த மக்கள் ஆயிரக்கணக்கில் விலைக்கு வாங்கப்பெற்றுச் சோழமண்டலக் கரையினின்று பத்தாவியாவிற்கும் பிற இடங்கட்கும் அடிமைகளாய்க் கப்பலேற்றப்பட்டனர். பழவேற்காடு அவ்வாணிகத்தின் முதன்மையான துறைகளுள் ஒன்று. உறவினின்று பிரிந்த நிலையே தேற்றுவாரை வேண்டுவது என்றோம். அங்ஙனமாயின், அத்துறையில் நின்றோருள் அவரை மிக வேண்டியவர் இவ்வடிமைகளேயாவர். கும்பினியாரோ தம் ஊழியரின் உயிர்க்கு ஆறுதல் தேட ஒருவரை அமர்த்திய அதே ஆட்சியால் பிறருடைய சுற்றத்தைப் பிரித்து விற்றனர். ஒரு பணியின் தகுதியை அளக்க, அது யாரைத் தேற்றியது என்பதோடு யாரை ஒதுக்கியது என்பதையும் கேட்டல் வேண்டும்.

தேற்றுவார் சமயக் கட்டுப்பாட்டின் கருவியே என்று கூறுவாரும் உளர். அக்கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. எதைப் படிக்கலாம், எதைப் பேசலாகாது என்பன விதிக்கப்பட்டிருந்தன. ஆயின், சாகும் மாலுமியின் அருகே இரவெல்லாம் அமர்வது விதியால் மட்டும் நிறைவேறுவதன்று. பதவி கும்பினிக்குரியது, பணி மனிதர்க்குரியது. இரண்டையும் பிரித்து நோக்குதலே நேர்மை.

பிற்காலத்தில் இப்பணி புதுநெறி பெற்றது. அமெரிக்க நாட்டு ஆன்டன் பாய்சன், தாமே மனநோயுற்று மருத்துவமனையிற் கிடந்து மீண்டவர். 1925இல் வூசுட்டர் அரசு மருத்துவமனையில் இறையியல் மாணவர்க்கு நோயாளரிடையே பயிற்சி அளிக்கத் தொடங்கினார். நோயாளரை ஏடுகள் போலக் கருதிக் கற்க வேண்டும் என்பது அவர் கொள்கை. 1967இல் இலண்டனில் புனித கிறித்தோபர் இல்லத்தை நிறுவிய சிசிலி சாண்டர்சு, உடல், உள்ளம், சமுதாயம், ஆன்மா ஆகிய நான்கின் நோவையும் ஒருங்கே ‘முழுநோவு’ எனக் கண்டார். உலக நலவாழ்வு நிறுவனமும் நோவுதணிப்பு மருத்துவத்தின் இலக்கணத்தில் ஆன்மிகத் துயரைச் சேர்த்துள்ளது. தமிழகத்தில் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இப்பணிக்கெனத் தனிப்பிரிவே உண்டு.

ஏரி மீனவர் மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிரும் ‘பாடு’ என்னும் வழக்கம் பழவேற்காட்டில் இன்றும் அறியப்படுவது. தொழிலிலேயே ஒருவரையொருவர் சார்ந்து வாழும் இத்தகைய ஊரில், நோயுற்றவர்க்கு உற்றாரே உழைச்செல்வார். ஆனால், அவர் நகரத்துப் பெரிய மருத்துவமனைக்குச் செல்லுங்கால், தீவிர மருத்துவப் பிரிவின் கதவு சுற்றத்தை வெளியே நிறுத்திவிடுகின்றது. அந்நிலையில் லைட்ஹவுஸ் குப்பத்து மீனவரும் பழைய ஒல்லாந்த மாலுமியும் ஒரே தனிமையை அடைகின்றனர். ஆதலின் தேற்றுவார் பணி இன்று நமக்கும் வேண்டுவதாயிற்று. ஆனால், அது நோயாளியின் மொழியிலும் அவர்தம் நம்பிக்கையை மதித்தும் நடைபெறல் வேண்டும், நம்பிக்கையில்லாதாரையும் விலக்கலாகாது. மருத்துவமனைகளை அமைப்போர் மருத்துவர்க்கும் மருந்திற்கும் இடம் வகுக்குங்கால், உழைச்செல்வார்க்கும் ஓரிடம் வகுத்தல் கடமையாகும். பழவேற்காட்டு வரலாறு உணர்த்தும் பாடம் இதுவே எனக் கூறி அமைகின்றோம்.