கையால் அடித்த முதல் குக்ரி வந்துவிட்டதா? உறையிலிருந்து உருவும் முன் இதைப் படியுங்கள்

நேபாளத்தில் கையால் அடித்த குக்ரி ஒன்று முதன்முறையாக உங்களிடம் வந்திருக்கிறது. நண்பர் கொடுத்த பரிசாக இருக்கலாம். காத்மாண்டு டிரிப்பில் தமேல் கடைவீதியில் நீங்களே பார்த்துப் பார்த்து வாங்கியதாகவும் இருக்கலாம். கையில் எடுத்ததுமே தெரிவது அதன் கனம். பிடியை விட்டுத் தள்ளி, முன்பக்கமாகச் சாய்ந்து இழுக்கும் கனம். அப்புறம் கொஞ்சம் உற்றுப் பார்த்தால், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லையே என்று தோன்றும். முதுகின் கோடு நூல் பிடித்த மாதிரி இருக்காது. மேற்பரப்பில் லேசான மேடு பள்ளம் தெரியும்.

டிஃபெக்ட் பீஸோ என்று பயப்பட வேண்டாம். அந்த மேடு பள்ளம்தான் ஒரு மனிதர் சுத்தியலால் அடித்துச் செய்ததற்கான அடையாளம். அதைப் படிக்கத் தெரிந்துகொண்டால் சந்தோஷம் இரட்டிப்பாகும்.

முதலில் எதைப் பார்ப்பது?

நேபாளிகள் இதை 'குகுரி' என்பார்கள். ஆங்கிலேயர் வாயில் அது 'குக்ரி' ஆனது. வளைவு வெறும் அழகுக்கு இல்லை. கனம் முன்னால் இருப்பதால், வெட்டும்போது பாதி வேலையை கத்தியே செய்துவிடும். அதனால்தான் சின்னக் கோடரி மாதிரியும் உதவுகிறது, காய் நறுக்கவும் உதவுகிறது.

பிடிக்கு அருகில், கூர்ப்பக்கம் ஒரு சின்ன வெட்டுப்பள்ளம் இருக்கும். சிவனின் திரிசூலம், பசுவின் குளம்பு, ரத்தமோ மரப்பாலோ பிடிக்கு வழியாமல் தடுக்கும் ஏற்பாடு என்று ஆளுக்கொரு விளக்கம் உண்டு. எது உண்மை என்பது இன்னும் முடிவாகவில்லை.

உறையின் பின்பக்கம் இரண்டு குட்டிக் கத்திகள் செருகியிருக்கும். கூரானது 'கர்தா', சின்னச் சின்ன வேலைகளுக்கு. மொன்னையானது 'சக்மக்'. அதைக் கூர் இல்லை என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். குக்ரியின் விளிம்பு லேசாக மடங்கினால் நிமிர்த்துவது அதன் வேலை. சிக்கிமுக்கிக் கல்லில் உரசித் தீப்பொறி எடுக்கவும் அதைத்தான் பயன்படுத்தினார்கள்.

மாடல் பெயரும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒல்லியாக நீண்டிருந்தால் 'சிருபாதே', சிரு என்ற புல்லின் இலை போன்றது. அகன்ற வயிறு இருந்தால் பெரும்பாலும் 'போஜ்புரே', கிழக்கு நேபாளத்தின் போஜ்பூர் ஊர்ப் பெயரால் வந்தது.

எப்படிச் செய்கிறார்கள்?

பெரும்பாலான பட்டறைகளில் மூலப்பொருள் பழைய லாரி, பஸ்களின் ஸ்பிரிங் பட்டை. மேடு பள்ளமான ரோட்டில் பாரம் தாங்கிய அதே எஃகு. கரி உலையில் பழுக்கக் காய்ச்சி, இரண்டு மூன்று பேர் மாறி மாறி சம்மட்டியால் அடித்து வடிவத்துக்குக் கொண்டு வருவார்கள்.

சூட்சுமம் கடைசியில் இருக்கிறது. சிவக்கக் காய்ந்த கத்தியை மொத்தமாகத் தண்ணீரில் முக்குவதில்லை. கெட்டிலிலிருந்து கூர்ப்பக்கம் மட்டும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போவார்கள். ஊற்றிய இடம் உடனே குளிர்ந்து கெட்டியாகும். முதுகு மெதுவாக ஆறி, வளைந்து கொடுக்கும் தன்மையோடு நிற்கும். கூரும் வேண்டும், ஓங்கி வெட்டினால் உடையவும் கூடாது என்ற இரண்டு தேவைக்கும் ஒரே கத்தியில் பதில். எவ்வளவு சூடு, எப்போது ஊற்றுவது என்பதற்கு மீட்டர் எல்லாம் கிடையாது. இரும்பின் நிறத்தைப் பார்த்துக் கண்ணால் போடும் கணக்கு அது.

அடித்தவர் யார்?

நேபாளத்தில் பாரம்பரியமாக இந்த வேலையைச் செய்துவருபவர்கள் காமி சமூகத்தினர். பலர் விஸ்வகர்மா என்பதையே குடும்பப் பெயராக வைத்திருக்கிறார்கள். 1854-ல் வந்த 'முலுகி ஐன்' சட்டம் இவர்களைத் தீண்டத்தகாதவர்கள் பட்டியலில் எழுதி வைத்தது. இவர்கள் அடித்த கத்தி வீட்டுக்குள் போகலாம், இவர்கள் தொட்ட தண்ணீர் போகக் கூடாது. 1963-ல் சட்டம் மாறியது. தீண்டாமையைத் தண்டனைக்குரிய குற்றமாக்க 2011-ல் தனிச் சட்டமே வந்தது. பழக்கம் மட்டும் சட்டத்தின் வேகத்தில் மாறவில்லை.

தசைன் பண்டிகையின் நவமி அன்று நேபாளிகள் கருவிகளுக்கும் வண்டிகளுக்கும் பொட்டு வைத்து, விஸ்வகர்மாவை வணங்குவார்கள். நம்ம ஊர் ஆயுத பூஜை நடக்கும் அதே நாட்கள்தான். குக்ரிக்கும் அன்று பூ உண்டு. அதை அடித்தவருக்கு அதே மரியாதை கிடைத்ததா என்பது, குக்ரியைப் பெருமையாக வைத்திருக்கும் எல்லோரும் ஒருமுறை யோசிக்க வேண்டிய கேள்வி.

'உருவினால் ரத்தம் பார்க்கணும்' என்பது உண்மையா?

இல்லை. நேபாளத்தின் மலைக் கிராமங்களில் குக்ரி அன்றாடக் கருவி. விறகு பிளக்க, மூங்கில் சீவ, இறைச்சி வெட்ட, புதர் கழிக்க என்று தினமும் பலமுறை உறையை விட்டு வரும். ஒவ்வொரு முறையும் ரத்தம் கேட்டால் ஊரில் யார் விரலும் மிஞ்சாது!

இந்தக் கதைக்குக் காரணம் போர்க்களப் புகழ். 1814-16 ஆங்கிலேய-நேபாளப் போரில் கூர்க்காக்களின் வீரத்தைப் பார்த்த கிழக்கிந்திய கம்பெனி, 1815-லேயே அவர்களைத் தன் படையில் சேர்க்கத் தொடங்கியது. 1947-ல் இருந்த 10 கூர்க்கா ரெஜிமென்ட்களில் 6 இந்தியாவுக்கும் 4 பிரிட்டனுக்கும் பிரிந்தன. இன்று இந்திய ராணுவத்தில் 7 இருக்கின்றன. அவற்றின் சின்னத்தில் இரண்டு குக்ரிகள் குறுக்கே நிற்கும். சினிமா பார்த்து வளர்ந்த நமக்கு திருப்பாச்சேத்தி அரிவாள் என்றதும் கதிரறுப்பா ஞாபகம் வருகிறது? அதே கதைதான் இங்கேயும்.

எப்படி உருவுவது?

ஆர்வத்தில் பலர் கையை வெட்டிக்கொள்வது இங்கேதான். உறை என்பது இரண்டு மெல்லிய மரப்பட்டைக்கு மேல் தோல் சுற்றியது. கூர் அதை அறுத்துக்கொண்டு வெளியே வரலாம். எனவே:

- உறையை முழுக் கையால் சுற்றிப் பிடிக்காதீர்கள். விரல்கள் கூர்ப்பக்கம் வரவே கூடாது. முதுகுப் பக்கமாகப் பிடியுங்கள்.
- கத்தியின் முதுகு உறையின் முதுகில் உரசியபடி, வளைவின் போக்கிலேயே மெதுவாக வெளியே எடுங்கள். உள்ளே போடும்போதும் அப்படியே.

துருப்பிடிக்காமல் இருக்க

இது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இல்லை. சென்னை, கொச்சி மாதிரி கடலோர ஊர்களில் ஒரு வாரம் மறந்தாலே புள்ளி புள்ளியாகத் துரு வரும். விரல் ரேகை பட்ட இடம் கூடத் துருப்பிடிக்கும். பயன்படுத்தியதும் கழுவி, ஈரம் போகத் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் லேசாகத் தடவுங்கள். சமையல் எண்ணெய் வேண்டாம், நாளாக ஆகப் பிசுபிசுக்கும். மாதக்கணக்கில் தொடப் போவதில்லை என்றால் உறையில் வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கொம்புப் பிடியை வெயிலில் விட்டால் விரிசல் விடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இதைத் தவிர்க்காமல் படியுங்கள். ஆயுதச் சட்டம் 1959-ன் கீழ் வந்த 2016 விதிகள், கத்திகள் பற்றிய பிரிவில் குக்ரியைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகின்றன. வெட்டும் பகுதி 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ, 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ இருந்தால் கவனம் தேவை. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் என்றே வடிவமைத்தவற்றுக்கு விலக்கு உண்டு. மத்திய அரசு அறிவிக்கை செய்த பகுதிகளில் லைசென்ஸ் தேவைப்படலாம். ஆன்லைனில் ஆர்டர் போடும் முன், உங்கள் பகுதியில் என்ன நிலை என்று போலீஸ் ஸ்டேஷனில் கேட்டுவிடுவது நல்லது.

விமானத்தில் கைப்பையில் கண்டிப்பாகக் கூடாது. செக்-இன் லக்கேஜில் நன்றாகச் சுற்றிக் கட்டி வையுங்கள், ஏர்லைன்ஸிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பைக்கில் செருகிக்கொண்டு சுற்றுவது, ரீல்ஸ் எடுப்பது, பிறந்தநாள் கேக் வெட்டுவது வேண்டவே வேண்டாம். பட்டாக்கத்தியால் கேக் வெட்டி வீடியோ போட்டவர்கள் கைதான செய்தியைத் தமிழ்நாட்டில் நீங்கள் எத்தனை முறை படித்திருப்பீர்கள்!

இன்னும் வாங்கவில்லையா?

விற்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த எஃகு? எந்த ஊர்ப் பட்டறை? அடித்தவர் பெயர் என்ன? முதல் இரண்டுக்கும் பதில் சுலபமாகக் கிடைத்துவிடும். மூன்றாவதுக்கும் தயங்காமல் பதில் சொல்கிற கடையில் வாங்குங்கள். அந்தப் பெயரை ஒரு சீட்டில் எழுதி கத்தியோடு வைத்துக்கொள்ளுங்கள். நன்றாகப் பார்த்துக்கொண்டால் குக்ரி அடுத்த தலைமுறைக்கும் வரும். செய்தவர் பெயரும் அதோடு போகட்டும்.