வசதிசார் குற்றவுணர்வு

வசதிசார் குற்றவுணர்வு என்பது, பிறர் வறுமையில் உழலும்போது தான் நிறைவாக வாழ்வது குறித்து ஒருவருக்கு எழும் மனஉறுத்தலாகும். உதவும் கடமைக்குத் தொலைவு விலக்களிக்காது எனத் தத்துவவாதி பீட்டர் சிங்கர், கிழக்கு வங்க அகதிகளை முன்னிட்டு எழுதி 1972இல் வெளியான கட்டுரையில் வாதிட்டார். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் பெயர் தாங்கிய சென்னை ராஜா அண்ணாமலைபுரத்திலோ அத்தொலைவே இல்லை. பங்களாக்களும் விலையுயர்ந்த அடுக்குமாடிகளும் நிறைந்த அதன் தெருக்களுக்கு அருகிலேயே, அடையாற்று முகத்துவாரத்தையொட்டிச் சீனிவாசபுரம் மீனவர் குடியிருப்பு உள்ளது. எனினும், 2015 டிசம்பர் வெள்ளத்திற்குப்பின் அடையாற்றங்கரைக் குடும்பங்கள் பல, நகரின் தென்புறமுள்ள பெரும்பாக்கத்திற்கு மாற்றப்பட்டதால், வேலையிடங்கள் அவர்களுக்குத் தொலைவாயின. வறுமை கண்ணைவிட்டு அகன்றதில் வசதியுள்ளோரின் உறுத்தலும் சற்றே தணிந்திருக்கக்கூடும். 1867இல் வடலூரில் தருமச்சாலை நிறுவிய வள்ளலாரின் ஜீவகாருண்யம், அதாவது உயிர்களிடத்து இரக்கம், இதனின்று வேறானது. அது கொடுப்பவரின் மனநிம்மதியைவிடப் பசித்தவரின் பசியையே முதன்மையாகக் கருதுகிறது.