அம்பாசடரின் பின்பக்கம்

அம்பாசடர் என்றதும் எல்லோருக்கும் அதன் முகம்தான் ஞாபகத்துக்கு வரும். உருண்டை ஹெட்லைட், கிரில், கொஞ்சம் உப்பிய பானெட். நான் சொல்ல வந்தது அதன் முதுகைப் பற்றி. பின்கண்ணாடி, பிரேக் லைட், அவ்வளவுதான். இதில் என்ன சரித்திரம் இருக்கிறது என்று சிரிக்காதீர்கள். நம் நாட்டுக் கார் தொழிலின் நாற்பது வருஷக் கதை அந்த இரண்டு சிவப்பு விளக்குகளில் இருக்கிறது.

கல்கத்தாவில் இருக்கும் நம்மவர்களுக்கு மஞ்சள் டாக்ஸியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. லேக் மார்க்கெட்டில் வாழையிலையும் முருங்கைக்காயும் வாங்கிக்கொண்டு அதில் வீடு திரும்பாத குடும்பம் உண்டா? எனக்கு அந்த வண்டியோடு இன்னொரு பழக்கமும் உண்டு. டாக்ஸிக்குக் கடன் கொடுக்கும் கிளையில் சில வருஷம் வேலை பார்த்தேன். வண்டியைப் பார்வையிடப் போனால் சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் இரண்டையும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட வேண்டும். மற்றதெல்லாம் எங்கள் ஃபாரத்தில் கிடையாது. ஆனால் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். புத்தகத்தில் ஒரு வருஷம், கிரில் வேறு வருஷம், இடது பின்விளக்கு ஒரு சிவப்பு, வலது இன்னொரு சிவப்பு.

இது எப்படி சாத்தியமாயிற்று என்றால் 1953-க்குப் போக வேண்டும். அந்த வருஷம் வரி ஆணையத்தின் பரிந்துரையை ஏற்று, இங்கேயே தயாரிக்கத் திட்டமில்லாமல் வெளிநாட்டுப் பாகங்களைக் கொண்டுவந்து பூட்டி விற்கும் கம்பெனிகள் தொடர முடியாது என்று அரசு முடிவு செய்தது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் மூட்டை கட்டின. கார் என்று மிஞ்சியவர்கள் முக்கியமாக மூன்று பேர். கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாய் குர்லாவில் பிரீமியர், நம் மெட்ராஸில் ஸ்டாண்டர்ட்.

ஹிந்துஸ்தானின் லேண்ட்மாஸ்டர், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் இரண்டாம் சீரிஸ். அடுத்து வந்த மூன்றாம் சீரிஸ்தான் 1957 முதல் அம்பாசடர். இந்த இரண்டுக்கும் நடுவில் பின்பக்க மட்கார்டு லேசாக வால் மாதிரி நீண்டது. முதுகில் நடந்த பெரிய மாற்றம் என்றால் கிட்டத்தட்ட அது ஒன்றுதான். அதற்குப் பிறகு 1963-ல் மார்க் 2, 1975-ல் மார்க் 3, 1979-ல் மார்க் 4 என்று பெயர்கள் வந்தன. ஒவ்வொரு முறையும் கிரில் மாறும், முன்னால் சின்ன விளக்கு வட்டத்திலிருந்து சதுரமாகும், டேஷ்போர்டு மாறும். கூடு அதே கூடு. வாங்குவதற்கு வருஷக்கணக்கில் வரிசையில் நிற்கும்போது எதற்காக டை மாற்றிச் செலவு செய்ய வேண்டும்? எந்த முதலாளியும் மாற்றியிருக்க மாட்டார்.

இதன் பலனைத்தான் மல்லிக் பஜாரில் பார்த்தோம். மெட்ராஸ்காரர்களுக்குப் புதுப்பேட்டை எப்படியோ, கல்கத்தாக்காரர்களுக்கு அது. அறுபதுகளின் வண்டிக்கு எண்பதுகளின் பின்கண்ணாடி உட்காரும். மார்க் 3-க்கு மார்க் 4 டிக்கிக் கதவு மாட்டலாம். நம் ஆட்கள் இதை ‘இந்தியப் புத்திசாலித்தனம்’ என்று பெருமையாகச் சொல்வார்கள். மெக்கானிக்கின் கைத்திறனை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பாகம் பொருந்தியதற்குக் காரணம் அவர் கை அல்ல, அது போட்டியில்லாத சந்தையின் தயவு.

கம்பெனியே இந்த மாற்று வேலையைச் செய்ததும் உண்டு. 1984-ல் கான்டெஸா வந்தது. உடம்பு இங்கிலாந்தில் நிறுத்தப்பட்டிருந்த வாக்ஸால் விக்டர், உள்ளே அம்பாசடரின் 1489 சி.சி. இன்ஜின்! பெரிய உடம்பு, சின்ன மூச்சு. பிறகு அதற்கு இசூசு 1.8 லிட்டர் இன்ஜின் கொடுத்தார்கள். 1992 வாக்கில் அதே இன்ஜினை அம்பாசடருக்குள் இறக்கினார்கள். நம் மெட்ராஸ் கம்பெனியும் இதில் சளைத்ததல்ல. 1985-ல் ஸ்டாண்டர்ட் 2000 என்று ரோவர் எஸ்.டி.1-இன் அழகான உடம்பைக் கொண்டுவந்து, உள்ளே பழைய வேன்கார்ட் இன்ஜினின் வாரிசை வைத்து விற்றார்கள். நாலு வருஷம்கூடத் தாங்கவில்லை.

சரி, பின்கண்ணாடிக்கு வருவோம். டிசம்பர், ஜனவரியில் கல்கத்தாவை விட்டு நெடுஞ்சாலையில் ஏறினால் காலையில் பனிமூட்டம் சுவர் மாதிரி நிற்கும். நாலு பேர் உள்ளே மூச்சு விட்டால் பின்கண்ணாடி வெளுத்துவிடும். தொண்ணூறுகளில் புது கார்களின் விலை கூடிய ரகங்களில் ‘டிஃபாகர்’ வந்தது. கண்ணாடியின் மேல் வெள்ளி கலந்த மெல்லிய கோடுகள், அதில் கரண்ட் பாயும், சூட்டில் ஈரம் விலகும். இதைப் பார்த்த அம்பாசடர்காரர்கள் சிலருக்கு ஆசை. வேறு காரின் கண்ணாடி இந்த வளைவுக்கு உட்காராது. கம்பி ஒட்டிக்கொள்ளலாமே என்றால், கரண்ட் எங்கே?

எங்கள் தொழில் வழக்கப்படி வரவு செலவு போட்டுப் பார்ப்போம். பழைய லூகாஸ் டைனமோ முழு வேகத்தில் தருவது சுமார் 22 ஆம்பியர். ஹெட்லைட் இரண்டுக்கும் 8, மற்ற விளக்குகளுக்கு 2, வைப்பருக்கு 3, இக்னிஷனுக்கு 3 அல்லது 4. மீதி 5, 6 ஆம்பியர். சூடேறும் கண்ணாடி கேட்பதோ 10 முதல் 15. டிராஃபிக்கில் நின்றால் டைனமோ வரவும் கிட்டத்தட்ட பூஜ்யம், எல்லாம் பேட்டரியிலிருந்து ஓவர்டிராஃப்ட்! ஆல்டர்னேட்டர் பொருத்தி, தடித்த ஒயரும் ரிலேயும் போட்டால்தான் சமாளிக்கலாம். அதனால் டாக்ஸிக்காரர்கள் கடைசிவரை நம்பியது துணி, பாதி இறக்கிய ஜன்னல், அப்புறம் பிய்த்துப் போட்ட பீடியின் புகையிலை. கண்ணாடியில் தேய்த்தால் கொஞ்ச நேரம் தெளியும். நான் பார்த்திருக்கிறேன்.

பிரேக் லைட் இன்னும் முக்கியம், ஏனென்றால் அது நமக்காக இல்லை, பின்னால் வருகிறவனுக்காக. உள்ளே இருப்பது இரட்டை இழை பல்ப். 5 வாட் இழை பின்விளக்குக்கு, 21 வாட் இழை பிரேக்குக்கு. தலைகீழாக மாட்டிவிடக் கூடாது என்பதற்காகவே பல்பின் இரண்டு முளைகளையும் வேறு வேறு உயரத்தில் வைத்திருப்பார்கள். தேய்ந்துபோன ஹோல்டரில் அதையும் மீறிச் செருகிவிடலாம். அப்புறம் இரவெல்லாம் பிரேக் பிடித்த மாதிரி எரியும், பிரேக் பிடித்தால் மங்கலாக எரியும். மட்கார்டு துருப்பிடித்து எர்த் போனால் இன்னும் வேடிக்கை. கரண்ட் வேறு வழி தேடிப் போய், பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் லேசாக மினுக்கும்.

எங்களிடம் கடன் வாங்கிய ஒரு டிரைவர், பிகாரி, சிரித்துக்கொண்டே சொன்னார்: எஃப்.சி. எடுக்கும் நாளில் ஸ்டாண்டிலேயே நல்ல பின்விளக்கு உள்ள வண்டியிலிருந்து கழற்றி மாட்டிக்கொண்டு போவார்களாம். ஒரே ஜோடி விளக்கு ஒரே வாரத்தில் மூன்று டாக்ஸிகளை ‘பாஸ்’ ஆக்கியதாம். எல்லாம் ஒரே அளவு, பிறகு என்ன :-) என்னால் சிரிக்க முடியவில்லை. அன்று மாலை அதே சாலையில் ஸ்கூட்டரில்தானே வீட்டுக்குப் போகிறேன்.

டாக்ஸி பின்விளக்கு என்றதும் நினைவுக்கு வருகிறது, 1974-ல் சான் பிரான்சிஸ்கோவில் ஜான் வோவாட்ஸ்கி என்ற உளவியலாளர் டாக்ஸிகளின் பின்புறத்தில் கூடுதலாக ஒரு பிரேக் விளக்கு வைத்துச் சோதனை செய்தார். பின்னால் வந்து மோதுவது 60 சதவீதம் குறைந்தது என்றார். 1986 மாடல் கார்களிலிருந்து அமெரிக்காவில் மூன்றாவது விளக்கு கட்டாயம். எல்லோர் வண்டியிலும் வந்து கண்ணுக்குப் பழகிய பிறகு பலன் சுமார் 4 சதவீதம்தான் என்று அந்நாட்டு அரசின் ஆய்வே பின்னால் சொன்னது. ஆனாலும் செலவு சொற்பம் என்பதால் லாபம்தான். இங்கே அம்பாசடர்களின் பின்கண்ணாடிக்குள்ளும் கடையில் வாங்கிய பட்டை விளக்கு ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பல வண்டிகளில் அது பிரேக்கோடு சேராமல் சீரியல் செட் மாதிரி ஓடும்!

உத்தர்பாரா ஆலை 2014 மே மாதம் நின்றது. பழைய டாக்ஸிகள் 15 வருஷக் கணக்கில் ஒவ்வொன்றாக உடைக்கப் போனபோது பின்விளக்குகள் குவிந்தன. பின்கண்ணாடி அப்படியில்லை, கழற்றும்போதே பாதி நொறுங்கிவிடும். தெரிந்த மெக்கானிக் கண்ணாடியை இழுக்க மாட்டார். ரப்பர் பீடிங்கை பிளேடால் அறுத்துவிட்டுக் கண்ணாடியை முழுசாக எடுப்பார். மாட்டும்போது புது ரப்பரின் பள்ளத்தில் கயிறு சுற்றி, வெளியே ஒருவர் அழுத்திப் பிடிக்க, உள்ளிருந்து கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவுவார். ரப்பர் உதடு விளிம்பில் ஏறி உட்கார்ந்துவிடும்.