அமெரிக்காவில் மாநில, கூட்டாட்சி நீதிமன்றங்களின் உறவு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 50 மாநிலங்களும் தத்தம் நீதிமன்றங்களை நடத்துகின்றன. கூட்டாட்சி அரசின் நீதிமன்றங்கள் அவற்றுக்கு அருகிலேயே தனி அடுக்காக இயங்குகின்றன. இந்தியாவில் எல்லா வழக்குகளும் ஒரே ஏணியில் ஏறுகின்றன. அமெரிக்காவிலோ ஏணிகள் பல. எந்தக் கேள்வியில் யார் சொல்வது இறுதி என்பதே இந்த உறவின் மையம்.

அரசமைப்பின் ஆறாம் பிரிவு, கூட்டாட்சிச் சட்டமே தலையாயது என்றும் மாநில நீதிபதிகள் அதற்குக் கட்டுப்பட்டவர்கள் என்றும் விதிக்கிறது. மாநிலத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் மாற்றலாமா என்பதை அது வெளிப்படையாகச் சொல்லவில்லை. 1789ஆம் ஆண்டின் நீதித்துறைச் சட்டம், 25ஆம் பிரிவில், அந்த அதிகாரத்தை வழங்கியது.

வர்ஜீனியா அதை ஏற்க மறுத்தது. ஃபேர்ஃபாக்ஸ் பிரபுவின் நிலம் அவர் உயிலின்படி உரிமை பெற்றவருக்கா, மாநில அரசிடமிருந்து பட்டா பெற்றவருக்கா என்ற வழக்கில், பிரிட்டனுடனான உடன்படிக்கையைக் காட்டி 1813இல் உச்ச நீதிமன்றம் முன்னவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. வர்ஜீனியாவின் மேல்முறையீட்டு நீதிமன்றமோ, 25ஆம் பிரிவே செல்லாது என்று கூறிப் பணிய மறுத்தது. வழக்கு மீண்டும் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. அந்த நிலத்தில் தமக்குப் பங்கு இருந்ததால் அதன் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் விலகிக்கொள்ள, 1816இல் நீதிபதி ஜோசப் ஸ்டோரி அந்தப் பிரிவு செல்லும் என்று தீர்ப்பெழுதினார். ஒரே அரசமைப்புக்கு மாநிலத்துக்கு ஒரு பொருள் வரக் கூடாது என்பது அவர் வாதத்தின் உயிர்நாடி. 1821இல் மார்ஷலே இந்த அதிகாரத்தைக் குற்ற வழக்குகளுக்கும் விரித்தார்.

இந்தக் கோட்பாட்டுக்கு ஒரு கசப்பான பக்கமும் உண்டு. தப்பியோடிய அடிமை ஒருவரை மீட்க உதவிய பத்திரிகை ஆசிரியர் ஷெர்மன் பூத்தை விஸ்கான்சின் நீதிமன்றம் விடுவித்தது. கூட்டாட்சிக் காவலில் இருப்பவரை விடுவிக்க மாநிலத்துக்கு அதிகாரமில்லை என்று 1859இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சட்டநெறி பிழையற்றது, அன்று அது காத்தது அடிமை முறையை.

மாநிலச் சட்டத்தில் நிலைமை தலைகீழ். ரயில் பாதையோரம் நடந்தபோது கையை இழந்த டாம்ப்கின்ஸின் வழக்கில், மாநிலச் சட்டத்துக்குக் கூட்டாட்சி நீதிமன்றங்கள் தாமாகப் பொது விதி வகுக்கலாகாது, மாநில உயர் அமர்வு சொன்னதையே பின்பற்ற வேண்டும் என்று 1938இல் தீர்ப்பானது. மாநிலத்தில் நடந்துகொண்டிருக்கும் குற்ற வழக்கில் பொதுவாகக் குறுக்கிடக் கூடாது என்பது 1971ஆம் ஆண்டின் யங்கர் தீர்ப்பு.

ஒரு தீர்ப்பு மாநில அரசமைப்பை மட்டுமே ஆதாரமாகக் கொண்டு நிற்குமானால் உச்ச நீதிமன்றம் அதைத் தொடாது. 2003இல் மாசசூசெட்ஸ் உச்ச அமர்வு ஒருபாலினத் திருமணத்துக்கு வழிதிறந்தது இந்த அடித்தளத்தில்தான்.